பக்கம் முப்பத்தொன்று

பீல் என்றும் பியேன் என்றும்
ஊரே ஒரு மாற்றுப்பெயரைக் கைவசம் வைத்திருக்கிறது.
எங்கள் சலவை ஆலையிடம் மூன்று திட்டங்கள் இருந்தன.

முதலாவது ஐந்தாண்டுக்கு.
ஏரிக்கரை விடுதியில் இரண்டு நாள் தங்கி வரைந்தார்கள்.
அட்டையில் மலையேறும் ஒருவனின் முதுகு.
நான்கு மருத்துவமனை ஏழாகும்,
கிலோவுக்கு எட்டு ராப்பன் மிஞ்சும்,
அம்புக்குறிகள் அத்தனையும் மேல்நோக்கி.
நூறு பக்கத்தில் ஒரு துவாய்கூட ஈரமாய் இல்லை.

இரண்டாவது என் கையெழுத்து.
வியாழன்தோறும் சுவரில் ஒட்டுவேன்:
உருளையில் யார், மடிப்பில் யார்,
எவருக்கு நாரி நோவு, எவரின் பிள்ளைக்குக் காய்ச்சல்,
அறுவைக்கூடத்துப் பச்சைத் துணி
ஐந்தரைக்கு லாரியேற எத்தனை கை.
பென்சிலால்தான் எழுதுவேன்.

மூன்றாவது, நடக்காதவற்றுக்கு.
யாரும் படிக்கவில்லை;
எல்லோரும் ஒப்பமிட்டிருந்தார்கள்.

ஜனவரி, சனி இரவு, பதினொன்று பத்து.
கொதிகலன் இரண்டு தரம் இருமியது.
பிறகு ஆலையில் நான் அதுவரை கேட்டிராத ஒன்று:
என் சப்பாத்துச் சத்தம்.

பக்கம் இருபத்தெட்டு: இரண்டாம் கொதிகலனை இயக்கவும்.
அதை ஐப்பசியில் விற்றாயிற்று.
முதல் திட்டம், நான்காம் அம்புக்குறி.

பக்கம் முப்பது: சொலத்தூர்ன் ஆலையை அழைக்கவும்.
ஒப்பந்தம் ஓகஸ்டோடு முடிந்ததென்றது
கொட்டாவிக்கு நடுவே ஒரு குரல்.

பக்கம் முப்பத்தொன்று:
மேற்கண்ட எதுவும் இயலாதபோது
திருமதி வதனி கேதீஸ்வரனை அழைக்கவும்.

அலுவலகத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தேன்.
என் சட்டைப்பைக்குள் அது அதிர்ந்தது.

சரி.
போர்வை கிடக்கட்டும். தலையணை உறை கிடக்கட்டும்.
ஞாயிறு ஒரு நாள் பழைய விரிப்பில் படுத்தால் எவரும் சாகார்.
பச்சை மட்டும். எழுநூறு உருப்படி, தொண்ணூறு பாகை.

மிரியானாவோடு மூன்று கிழமையாகக் கதையில்லை.
அவள் கணவன் மலைமேல் விளையாட்டு விடுதிக் காவலாளி,
நிலவறையில் ஆறு இயந்திரம், சாவி அவன் இடுப்பில்.
எடுத்ததும் திட்டினாள்.
திட்டி முடித்துவிட்டு, "எத்தனை மூட்டை?" என்றாள்.

செலாமின் மச்சான் மரக்கறி வண்டியோடு வந்தான்.
பனிமூட்டத்தில், லீக்ஸ் மணத்தில்,
மூட்டைகளுக்கு மேல் நானும் அடெலினோவும்
கொண்டையூசி வளைவுகள் எண்ணிக்கொண்டு போனோம்.
பாதி வழியில் அவன் நித்திரை.
விடுதிக்காரரிடம் அனுமதி கேட்டதா என்று
இன்றுவரை என்னை எவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

லாரி இருபது நிமிடம் பிந்திப் புறப்பட்டது.
திங்கள் காலை ஏழு மணிக்கு
யாரோ ஒருவரின் இடுப்பெலும்பு, திட்டமிட்டபடி, மாற்றப்பட்டது.

செவ்வாய் ஏபிஷர் வந்தார், இயக்குநர்.
கையை இறுகப் பிடித்துக் குலுக்கினார்.
"எப்படிச் செய்தீர்களோ அப்படியே எழுதித் தாருங்கள்,
புதிய பதிப்பில் சேர்ப்போம்."

பென்சிலோடு இருந்தேன்.
என்னத்தை எழுத?
அடெலினோவுக்கு ஒரு நத்தார் இரவை விட்டுக்கொடுக்கவும்,
ஒன்பது வருடம் முன்னரே.
செலாமின் விண்ணப்பப் படிவங்களை
மதிய இடைவேளையில் நிரப்பிக் கொடுக்கவும்.
மிரியானாவோடு சண்டை பிடிக்கலாம்,
ஆனால் அவள் எண்ணை அழிக்கக் கூடாது.
எழுதியதை அழித்தேன்.
தாள் சாம்பல் பூத்தது.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம், "பதிலாள்".
ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இன்னொரு பெயர்,
கொதிகலனுக்குக்கூட.
என் பெயருக்கு எதிரே ஒரு சின்னக் கோடு.

அதை மட்டும் பேனாவால் நிரப்பினேன்:
திரு. ஏபிஷர், இரவு பகல் எந்நேரமும்.

கைபேசி எண்ணைத்தான்
அவரிடமே கேட்க வேண்டியிருந்தது.
ஆலையில் ஒருவரிடமும் அது இல்லை.